அறுபடாத நாரும் நழுவும் மூட்டும்

‘ஜவ்வு கிழிந்துவிட்டது’ என்னும் தொடர் கபடித் திடலிலும் எலும்பு மருத்துவரின் அறை வாசலிலும் ஒருங்கே வழங்குவது. ஆனால் அது முழங்காலுக்குள் இருக்கும் இரு வேறு உறுப்புகளைப் பிரித்துப் பாராமல் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. அவற்றுள் ஒன்று, தொடையெலும்புக்கும் கீழ்க்காலின் பெரிய எலும்பான டிபியாவுக்கும் இடையே மெத்தைபோல் அமர்ந்து உடற்சுமையைப் பரப்பும் பிறை வடிவக் குருத்தெலும்பு. மருத்துவர்கள் அதை மெனிஸ்கஸ் என்பர். மற்றது, மூட்டின் நட்டநடுவில், தொடையெலும்பின் பின்புறத்திலிருந்து டிபியாவின் முன்புறத்துக்குச் சரிந்திறங்கும் முன்சிலுவைத் தசைநார். எலும்பை எலும்போடு பிணைப்பது தசைநார், தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண் என்னும் வேறுபாட்டை இங்கேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. ஏனெனில் இந்த அத்தியாயம், ஒரு தசைநாணைத் தசைநாராக மாற்றும் முயற்சியையும், அம்முயற்சி எங்கே, எதனால் தவறிப்போகிறது என்பதையும் பற்றியது.

ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளமே உள்ள இந்நார், டிபியா முன்னோக்கி நழுவ முற்படும்போது அந்த விசையில் சுமார் 85 விழுக்காட்டைத் தான் ஒன்றே தாங்குகிறது. அதற்குள் இரண்டு இழைக்கற்றைகள் உள்ளன: முட்டி மடங்கும்போது ஒன்று இறுகுகிறது, கால் நீளும்போது மற்றொன்று இறுகி, டிபியா உட்புறமாகத் திருகிக்கொள்வதைத் தடுக்கிறது. முன்நகர்வைத் தடுப்பது, திருகலைத் தடுப்பது என்னும் இவ்விரு பணிகளுள் முதலாவது மீண்டு, இரண்டாவது மீளாமற்போன முழங்கால்தான் அறுவைக்குப் பின்னும் ஆண்டுக்கணக்கில் ஒருவரை அலைக்கழிக்கிறது. படியிறங்கும்போதோ பேருந்திலிருந்து இறங்கித் திரும்பும்போதோ ‘முட்டி பிசகுகிறது’, ‘கால் விட்டுவிடுகிறது’ என்று அவர் சொல்வார். ஸ்கேன் படமோ ‘ஒட்டுநார் முழுமையாக உள்ளது’ என்று சொல்லும். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கக்கூடும் என்பதை ஏற்றுக்கொள்ளாத வரை, ஒட்டுநாரின் தோல்வியைப் புரிந்துகொள்ள வழியில்லை.

அறுந்த நாரைத் தைத்தே சரிசெய்யக் கூடாதா என்னும் கேள்வி இயல்பானது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் 1895இலேயே ஒரு சுரங்கத் தொழிலாளியின் முழங்காலில் அதைச் செய்துபார்த்தார். ஆனால் தோலில் ஏற்படும் காயம் ஆறுவதுபோல் இந்நார் ஆறுவதில்லை. காயம் ஆறுவதற்கு முதற்படி, அறுந்த முனைகளுக்கு நடுவே இரத்தம் உறைந்து ஒரு பாலமாக நிற்பது; மூட்டுக்குள் எப்போதும் நிறைந்திருக்கும் வழவழப்பான மூட்டுநீரில் உள்ள பிளாஸ்மின் என்னும் நொதி அந்த உறைகட்டியைக் கரைத்துவிடுவதால், பாலம் எழும் முன்பே சரிந்துவிடுகிறது. ஆகவேதான் உடலின் வேறோர் இடத்திலிருந்து நாண் ஒன்றை எடுத்து அவ்விடத்தில் பொருத்தும் முறை வேரூன்றியது. முழங்காற்சில்லுக்குக் கீழுள்ள நாணின் நடுப்பகுதியை இரு முனைகளிலும் எலும்புத் துண்டோடு சீவியெடுப்பது ஒரு முறை. தொடையின் பின்புறத் தசைகளின் மெல்லிய நாண்கள் இரண்டை உருவியெடுத்து மடித்து நான்கு புரியாக்குவது மற்றொன்று. இவ்வாறு பொருத்தப்படுவதே இங்கு ஒட்டுநார் எனப்படுகிறது.

வலிமையை மட்டும் அளந்தால் ஒட்டுநார் அறுபடுவதற்கே நியாயமில்லை. இளம் வயதினரின் இயற்கையான தசைநார் அறுபடச் சுமார் 2,160 நியூட்டன் விசை, அதாவது ஏறத்தாழ 220 கிலோ எடையைத் தொங்கவிடும் இழுவிசை, தேவைப்படுகிறது. 10 மில்லிமீட்டர் அகலமுள்ள சில்லு நாண் ஏறக்குறைய 3,000 நியூட்டனையும், நான்கு புரியாக்கிய தொடை நாண்கள் 4,000 நியூட்டனுக்குச் சற்று மேலும் ஆய்வுக்கூடத்தில் தாங்கியுள்ளன. இந்த எண்களை மட்டும் நம்பி, 1980களில் கார்பன் இழை, கோர்டெக்ஸ், பாலியெஸ்டர் ஆகியவற்றால் ஆன செயற்கை நார்கள் ஆவலோடு பொருத்தப்பட்டன. அவை சில ஆண்டுகளில் தேய்ந்தன, அறுந்தன. உதிர்ந்த துகள்கள் மூட்டின் உட்சவ்வை அழற்சிக்கு உள்ளாக்கின. கார்பன் இழை பொருத்திய மூட்டுகளுக்குள் கரிய துகள்கள் படிந்திருந்தன. உயிரற்ற கயிறு எவ்வளவு முறுக்கேறியதாயினும் தேய்ந்துகொண்டே போகுமேயன்றித் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளாது என்பதை மருத்துவ உலகம் நோயாளிகளின் முழங்கால்களைக் கொண்டே கற்றுக்கொண்டது.

உயிருள்ள நாணும் பொருத்திய அன்றைக்கு ஏறத்தாழ ஒரு கயிறுதான். எடுக்கப்பட்ட கணத்திலேயே அதன் இரத்த ஓட்டம் அறுந்துவிடுகிறது. உள்ளிருக்கும் உயிரணுக்களில் பெரும்பாலானவை முதற்சில வாரங்களில் மடிகின்றன. கொல்லாஜன் என்னும் புரத இழைகளால் ஆன சட்டகம் மட்டும் எஞ்சுகிறது. பிறகு சுற்றியுள்ள உட்சவ்விலிருந்தும் கொழுப்புத் திசுவிலிருந்தும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அச்சட்டகத்துக்குள் ஊர்ந்து நுழைகின்றன; அவற்றைத் தொடர்ந்து புதிய உயிரணுக்கள் குடியேறிப் பழைய தடித்த இழைகளைச் சிதைத்து, மெல்லிய புதிய இழைகளை நெய்யத் தொடங்குகின்றன. 1986இல் டேவிட் அமியல் குழுவினர் முயல்களின் சில்லு நாணை முன்சிலுவை நாரின் இடத்தில் பொருத்தி ஆராய்ந்தபோது, 30 வாரங்களில் அந்த நாண் உயிரணுக்களின் வடிவத்திலும் கொல்லாஜன் வகைகளின் விகிதத்திலும் தசைநாரைப் போலவே மாறிவிட்டிருந்ததைக் கண்டனர். அம்மாற்றத்துக்கு ‘தசைநாராதல்’ என்று பொருள்படும் பெயரையும் சூட்டினர். மனிதரிடம் இது இன்னும் மெல்லவே நடக்கிறது. ஓராண்டு கடந்தும் தொடர்கிறது.

பழைய வீட்டில் குடியிருந்துகொண்டே தூண்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் புதுத்தூண் நிறுத்துவதற்கு இதை ஒப்பிடலாம்: பழையது பிரிந்து புதியது ஊன்றாத இடைக்காலமே வீடு சரிய ஏற்ற காலம். ஒட்டுநாரின் வலிமை பொருத்திய நாளில் இருந்ததைவிடக் குறைந்து, ஏறத்தாழ ஆறாவது வாரத்திலிருந்து மூன்றாம் மாதம் வரை மிகத் தாழ்ந்த நிலையில் நிற்பதாகக் கருதப்படுகிறது. நோயாளியின் உணர்வோ இதற்கு நேர்மாறாக ஓடுகிறது. இரண்டாம் மாதம் வீக்கம் வடிகிறது. ஊன்றுகோல் மூலையில் சாய்கிறது. மூன்றாம் மாதம் வலி ஏறக்குறைய இல்லை. நடை பழையபடி ஆகிவிட்டதென்று வீட்டார் மகிழ்கின்றனர். கால் தேறிவிட்டதென்று தோன்றும் அந்த நாட்களில்தான் உள்ளே நார் மிக நலிந்து கிடக்கிறது. வலி என்னும் காவற்காரன் முன்கூட்டியே விலகிவிடும் இந்த முரண், இத்துறையில் நோயாளியிடம் எடுத்துச்சொல்லப்பட வேண்டியவற்றுள் தலையாயது. அறுவைக்கு முந்தைய ஒப்புதல் படிவத்தின் எந்த வரியையும்விட அது முக்கியமானது.

நார் மட்டுமன்றி, அது எலும்போடு சேரும் இடமும் கவலைக்குரியதே. தொடையெலும்பிலும் டிபியாவிலும் துரப்பணக் கருவியால் துளையிட்டு, அத்துளைகளுக்குள் ஒட்டுநாரின் முனைகளை நுழைத்துத் திருகாணியாலோ சிறு உலோகப் பொத்தானாலோ நிறுத்துவர். எலும்புத் துண்டோடு எடுத்த நாணாயின், எலும்பும் எலும்பும் கூடும் முறிவுபோல ஆறு முதல் எட்டு வாரங்களில் பிணைந்துவிடும். வெறும் நாணாயின், எலும்புச் சுவரிலிருந்து கொல்லாஜன் இழைகள் முளைத்து நாணைப் பற்றிக்கொள்ள வேண்டும். ஸ்காட் ரோடியோ குழுவினர் 1993இல் நாய்களில் செய்த சோதனையில், பன்னிரண்டு வாரத்துக்கு முன் இழுக்கப்பட்ட நாண்கள் அறுபடாமல் துளையிலிருந்து உருவிக்கொண்டு வந்தன. அதன்பிறகே பிடிப்பு வலுவாயிற்று. அதுவரை முழுப்பொறுப்பும் அந்தத் திருகாணி அல்லது பொத்தானுடையது. இடைப்பட்ட நாட்களில் துளைக்குள் நார் மேலும் கீழும் இழுபட்டும் பக்கவாட்டில் அசைந்தும் உராய்ந்தால், துளை சிறுகச் சிறுக அகன்றுபோகும். அந்த அகலம், பின்னொரு நாள் மறு அறுவை தேவைப்படும்போது பெருந்தடையாக வந்து நிற்கும்.

துளை எங்கே இடப்படுகிறது என்பது இதைவிடப் பெரிய வினா. தொடையெலும்பின் இரு முண்டுகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தின் பக்கச்சுவரில்தான் இயற்கையான நார் ஒட்டியிருக்கும். அச்சுவரில் சற்று முன்னதாகவே ஒரு மேடு உண்டு. உள்நோக்கிக் கருவியின் திரையில் அதையே பள்ளத்தின் பின்விளிம்பு என்று அனுபவம் குறைந்த கண் எளிதில் நம்பிவிடும். அறுவை மருத்துவர் வில்லியம் கிளான்சி அதற்குப் ‘பயிற்சி மருத்துவரின் முகடு’ என்று பெயரிட்டது அதனால்தான். அதை நம்பித் துளையை முன்னதாக இட்டால், முட்டி மடங்கும் ஒவ்வொரு முறையும் ஒட்டுநார் அளவுக்கு மீறி இறுகும். ஒன்று முட்டி முழுதாக மடங்காது, அல்லது நார் நாளடைவில் நீண்டு தொய்ந்துவிடும். டிபியாவின் துளை முன்தள்ளி அமைந்தால், காலை நீட்டும்போதெல்லாம் ஒட்டுநார் பள்ளத்தின் கூரையில் இடித்து நைந்துபோகும்.

இன்னொரு பிழை நீண்ட காலம் பிழையென்றே அறியப்படவில்லை. டிபியாவில் இட்ட துளை வழியாகவே துரப்பணத்தைச் செலுத்தித் தொடையெலும்பிலும் துளையிடும் வழக்கம் பல ஆண்டுகள் கோலோச்சியது. எளிது, விரைவானது, ஆனால் கருவியின் கோணம் துளையைப் பள்ளத்தின் கூரைக்கருகே உயர்த்திவிடும். வலது முழங்காலின் பள்ளத்தைக் கடிகார முகப்பாகக் கொண்டால், பத்து மணி நிலையில் இருக்க வேண்டிய துளை பதினொரு மணியையும் தாண்டி ஏறிவிடும். ஒட்டுநாரும் சரிவாக அமையாமல் செங்குத்தாக நின்றுவிடும். செங்குத்து நார் முன்நகர்வைத் தடுக்கும், திருகலைத் தடுக்காது. பிட்ஸ்பர்கில் ஃபிரெடி ஃபூவும் அவரோடு பணியாற்றியோரும், நார் இயற்கையில் எங்கே ஒட்டியிருந்ததோ அங்கேயே துளையிட வேண்டும் என்று ஓயாமல் வலியுறுத்தியதன் பின்னணி இதுவே.

இவ்வேறுபாட்டை எந்த ஸ்கேனும் இன்றி மருத்துவரின் இரு கைகள் கண்டுபிடித்துவிடும். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை 20 முதல் 30 பாகை மடக்கி, ஒரு கையால் தொடையை அசையாமல் பற்றி, மறுகையால் கீழ்க்காலை முன்னோக்கி இழுப்பது லாக்மன் சோதனை. நார் நலமாயிருந்தால், கட்டிய கயிறு சட்டென்று இறுகி நிற்பதுபோல் ஒரு திடமான முடிவு கைக்குப் புலப்படும். இல்லையேல் இழுவை எங்கும் நில்லாமல் மெத்தென்று சென்று தேயும். அடுத்தது, நீட்டிய காலை உட்புறம் திருகி, முட்டியின் வெளிப்புறத்தில் அழுத்தியபடியே மெல்ல மடக்கும் சோதனை. திருகலைத் தடுக்கும் ஆற்றல் இல்லாத மூட்டில் டிபியா முதலில் முன்னே விலகி நிற்கும். 30 பாகையைத் தொடும்போது ‘டொக்’கென்று தன் இடத்துக்குத் திரும்பும். நோயாளியின் முகம் அக்கணமே மாறும். விளையாட்டுத் திடலில் தன் கால் தன்னைக் கைவிட்டபோது உணர்ந்தது இதுவேதான் என்று அவர் அறிந்துகொள்வார். செங்குத்து நார் உடைய முழங்கால் லாக்மன் சோதனையில் தேறி, இச்சோதனையில் தவறும். அறுவை வெற்றி என்று ஏட்டில் பதிவாகியிருக்க, நோயாளி மட்டும் தம் மூட்டை நம்ப முடியாமல் தவிக்கும் நிலை இவ்வாறு உருவாகிறது. அவருடைய சொல்லைத் தயக்கம் என்றோ பயம் என்றோ ஒதுக்கிவிடுவது அநீதி.

ஒட்டுநார் அறுந்த அன்று நடந்த விபத்தையே எல்லோரும் நினைவில் வைத்திருப்பர். வட அமெரிக்காவில் மறு அறுவைகளை ஆராய்வதற்கென்றே 80க்கு மேற்பட்ட அறுவை மருத்துவர்கள் கூடி அமைத்த மார்ஸ் குழு, 460 நோயாளிகளைப் பற்றி 2010இல் வெளியிட்ட கணக்கு அந்நினைவைத் திருத்துகிறது: புதிய அடி மட்டுமே காரணமானவை 32 விழுக்காடு, அறுவை நுட்பத்தின் குறை 24, திசு சரிவரக் கூடாமை 7, இவற்றுள் பல சேர்ந்த காரணம் 37. நுட்பக் குறைகளில் மிகப் பெரும்பாலானவை தொடையெலும்புத் துளை இடம் தவறியவை. அறுந்த நாள் வேறு, அறுபடத் தொடங்கிய நாள் வேறு என்று இக்கணக்கைப் படிக்கலாம். விழுந்தவர் தம் கவனக்குறைவை நொந்துகொண்டிருக்கையில், காரணத்தின் ஒரு பாதி அறுவை மேசையிலேயே விளைந்திருக்கக்கூடும்.

நாரைச் சுற்றியுள்ளவையும் கணக்கில் வர வேண்டும். உட்புற மெனிஸ்கஸின் பின்கொம்பு, சக்கரத்தின் அடியில் வைத்த ஆப்புபோல டிபியாவின் முன்நகர்வைத் தடுக்கும் இரண்டாம் காவல். அது கிழிந்து கவனிக்கப்படாமலோ வெட்டியெறியப்பட்டோ போனால் அதன் சுமையும் ஒட்டுநாரின் தலையில் ஏறும். டிபியாவின் மேற்பரப்பு எல்லோருக்கும் பின்னோக்கிச் சற்றுச் சரிந்திருக்கும். அச்சரிவு மிகுதியானால், நிற்கும்போதும் நடக்கும்போதும் தொடையெலும்பு பின்னே வழுக்க, டிபியா முன்னே தள்ளப்படுகிறது. சரிவு 12 பாகையோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கு மீண்டும் நார் அறுபடும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று 2013இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு கண்டது.

முழங்காலின் வெளிப்பக்க முன்மூலைக்கும் இதில் பங்குண்டு. அங்கே முத்துநிறத்தில் ஒரு நாரிழை இருப்பதைப் பிரெஞ்சு மருத்துவர் பால் செகோன் 1879இலேயே குறித்திருந்தார். நூற்றாண்டுக்கும் மேல் அதை எவரும் பொருட்படுத்தாமலிருக்க, 2013இல் பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வாளர்கள் அதன் உடற்கூற்றை விரிவாக வரைந்தபோது பேச்சு மீண்டும் கிளம்பியது. ஒட்டுநாரோடு சேர்த்து, தொடையின் வெளிப்புறப் பட்டைத்திசுவில் ஒரு கீற்றை எடுத்து அம்மூலையை இறுக்கிக் கட்டும் பழைய பிரெஞ்சு முறையும் இவ்வாறே புத்துயிர் பெற்றது. 25 வயதுக்குட்பட்ட, திருகல் அபாயம் மிகுந்த 618 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2020இல் வந்தது: இரண்டாண்டுக்குள் ஒட்டுநார் மட்டும் பொருத்தியோரில் 11 விழுக்காட்டினருக்கும், அக்கீற்றும் சேர்த்தோரில் 4 விழுக்காட்டினருக்கும் நார் அறுந்தது. எல்லோருக்கும் இது தேவையில்லை. யாருக்குத் தேவை என்பதை முன்னரே அறிந்து செய்வதில்தான் திறமை.

இளையோரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது; ஏனெனில் இழப்பு பெரிதும் அவர்களுடையது. பல ஆய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 25 வயதுக்குட்பட்டு விளையாட்டுக்குத் திரும்பியோரில் 23 விழுக்காட்டினருக்கு மீண்டும் ஒரு முன்சிலுவை நார் அறுபடுகிறது. அந்த இளம்வயதில் இறந்தோர் தானமாகத் தந்த நாணைப் பொருத்தினால் அபாயம் பன்மடங்காகிறது. வியப்பு என்னவென்றால், அறுபடுபவற்றில் ஏறத்தாழ பாதி ஒட்டுநார் அல்ல. அறுவையே செய்யப்படாத மறுகாலின் இயற்கையான நார். எனவே குறை நாரின் வலிமையில் மட்டும் இல்லை. குதித்திறங்கும்போது முட்டி உட்புறம் சாயும் பழக்கம், தேறாத முன்தொடைத் தசை, நாரோடு சேர்ந்து அறுந்துபோன நரம்பு முனைகளால் மழுங்கிய நிலையுணர்வு ஆகியவற்றோடுதான் அவர் அதே திடலுக்குத் திரும்புகிறார். நார்வேயிலும் அமெரிக்காவின் டெலவேரிலும் 106 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு, விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயத்தின் அளவு 51 விழுக்காடு குறைவதைக் கண்டது. தசைவலிமையிலும் தாவல் சோதனைகளிலும் தேறித் திரும்பியோரில் 5.6 விழுக்காட்டினருக்கும், தேறாமலே திரும்பியோரில் 38.2 விழுக்காட்டினருக்கும் முழங்கால் மீண்டும் காயமுற்றது. மருந்தோ கருவியோ தராத இப்பெரும் பாதுகாப்பைப் பொறுமையும் பிசியோதெரபியும் தருகின்றன. ஆயினும் போட்டி அட்டவணைக்கு முன் முதலில் விட்டுக்கொடுக்கப்படுவது அதுவேயாக இருப்பது வேதனைக்குரியது.

ஒன்பது மாதமும்கூட உறுதிமொழி ஆகாது. அமெரிக்கப் பனிச்சறுக்கு வீராங்கனை லிண்ட்சி வான் 2013 பிப்ரவரியில் ஆஸ்திரியாவின் ஷ்லாட்மிங்கில் விழுந்து வலது முழங்காலின் நாரை இழந்தார். அறுவைக்குப் பின் ஒன்பது மாதம் கழிந்த நிலையில், நவம்பரில் பயிற்சியின்போது விழுந்ததில் ஒட்டுநார் ஓரளவு கிழிந்தது; அப்படியே போட்டியிட்டவருக்கு டிசம்பரில் வால் டிசேரின் பனிச்சரிவில், விழாமலேயே, முழங்கால் கைவிட்டது. 2014 சோச்சி ஒலிம்பிக்கை விட்டுவிட்டு இரண்டாம் அறுவைக்குச் சென்றார். ஓராண்டு கழித்து, 2015 ஜனவரியில், உலகக்கோப்பையில் தம் 63ஆம் வெற்றியைப் பெற்றுப் பெண்களுக்கான சாதனையை முறியடித்தார். உலகின் தலைசிறந்த மருத்துவக் கவனிப்பு வாய்த்த ஒருவரின் கதை அது. அதை மறுஅறுவைகளின் சராசரியாகக் கொள்ளலாகாது.

ஒட்டுநாரைக் கெடுக்கும் இன்னொன்றான கிருமித்தொற்று அரிதே, ஆனால் வந்தால் நாரையும் குருத்தெலும்பையும் ஒருங்கே அரிக்கும். எடுத்த நாணை வான்கோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி தோய்ந்த துணியில் சற்று நேரம் சுற்றிவைக்கும் எளிய வழக்கம், ஆஸ்திரேலியாவில் தொடர்ச்சியாகச் செய்த 870 அறுவைகளில் ஒரு தொற்றும் நேராமல் காத்தது. அதற்கு முன் அந்த அளவு 1.4 விழுக்காடாக இருந்தது.

மறு அறுவை என்பது முதல் அறுவையை இன்னொரு முறை செய்வதன்று. பழைய துளைகள் சரியான இடத்தில் இருந்தால் பயன்படும். முற்றிலும் தவறிய இடத்தில் இருந்தால் புறக்கணிக்கலாம். பாதி தவறியவையே தொல்லை, ஏனெனில் புதுத்துளை பழையதனுள் சரிந்து இரண்டும் ஒரே குழியாகிவிடும். துளை 15 மில்லிமீட்டர் அளவுக்கு அகன்றுவிட்டால், முதலில் இடுப்பெலும்பிலிருந்தோ தானமாகவோ பெற்ற எலும்புத்தூளால் அதை அடைத்து, அது கெட்டிப்படச் சில மாதங்கள் காத்திருந்து, பிறகே நார் பொருத்துவர். சரிவு மிகுந்த டிபியாவில் ஆப்பு வடிவில் எலும்பைச் சீவியெடுத்துச் சரிவைக் குறைக்கும் அறுவையும் சிலருக்குச் சேர்கிறது. முன்பு எடுத்த நாண் இனி இல்லாததால் மறுகாலிலிருந்தோ முன்தொடைத் தசையின் நாணிலிருந்தோ புதிதாக எடுக்க வேண்டும். இவ்வளவும் முடிந்தபின், புதிதாக வந்த அந்த நாணின் உயிரணுக்கள் முதல் வாரத்திலிருந்தே மடியத் தொடங்கும். மூன்றாம் மாதத்தில் மீண்டும் வலி போயிருக்கும், மீண்டும் நார் நலிந்திருக்கும்.